பதினோரு தலை எண்ணெய்

போன தீபாவளி.
விடியற்காலை நாலரை.
ஏழாவது தலை குளித்துக்கொண்டிருக்கும்போது
கங்கை
இறங்க மாட்டேன் என்றாள்.
சீயக்காய் நுரையோடு கணுக்கால்வரை ஏறி
குளியலறைப் படி தாண்டி
கூடத்தில் படுத்திருந்தவர்களின்
பாய் நுனியைத் தொட்டாள்.
"கங்கா ஸ்நானம் ஆச்சா?"
போனில் கேட்ட பெரியம்மாவுக்கு
"வீடு முழுக்க ஆச்சு" என்றேன்.

கீழ்வீட்டு ஃபிலோமினா டீச்சர்
மேற்கூரையில் ஈரம் படர்ந்த இடத்துக்கு
இன்னும் வெள்ளை அடிக்கவில்லை.
சாட்சியாக வைத்திருக்கிறார்.

இந்த வருஷம்
துணி எடுப்பதற்கு முன்பே
தஸ்தகீரைக் கூப்பிட்டுவிட்டேன்.
மழையில் பெரம்பூர் மிதக்க
வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டுச்
சுருள் கம்பியோடு நடந்து வந்தார்.
"பண்டிகை அன்னிக்குக் கூப்ட்டா டபுள் கூலிக்கா.
முன்னாடியே கூப்ட்டா டீ போதும்."
டீயையும் வாங்கிக்கொண்டார்,
கூலியையும்.

கம்பி உள்ளே போய்த் திரும்பியபோது
அதன் நுனியில் போன தீபாவளி இருந்தது:
கறுத்து, கொழகொழத்து,
நடுவில் எதையோ கவ்விக்கொண்டு.
கழுவிப் பார்த்தேன்.
என் மூக்குத்தித் திருகாணி.

அதற்காக ஒரு வாரம்
பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மாவைப்
பார்வையாலேயே விசாரித்தவள் நான்.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
"கெடச்சிடுச்சாக்கா" என்றாள்.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
அடுத்த அறைக்குப் போனாள்.

வடிகால் வாயில் எண்பது ரூபாய்க்கு ஒரு வலை.
முறுக்குச் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் கொட்டாதே,
ஆறினால் குழாய்க்குள் மெழுகு.
எல்லோருக்கும் சேர்த்து ஒரே வேளையில்
மேல்தொட்டியைக் காலி பண்ணாதே.
தஸ்தகீர் எனக்குச் சொன்னதை
நான் வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது?
கதவில் காகிதம் ஒட்டினால்
கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள்;
குழாய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது.

பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன்.
பதினோரு தலை, பதினோரு துண்டு.
எண்ணெய் ஊறியதும்
வழித்துத் துடைத்துவிட்டுக்
குளிக்கப் போக வேண்டும்.
"இதென்ன புதுச் சம்பிரதாயம்?"
கோயம்புத்தூரிலிருந்து வந்த சபேசன் அத்தான் கேட்டார்.
"எங்க வீட்டு வழக்கம்" என்றேன்.
பிறந்து ஆறு நாள் ஆன வழக்கம்.

ஒவ்வொருவர் வெளியே வந்ததும்
உள்ளே நுழைந்து வலையை வழித்தேன்.
நரை, மருதாணிச் சிவப்பு,
சின்னவள் நறுமுகையின் சுருள்.
கதவருகே நின்று காது கொடுத்தேன்.
கடைசித் தண்ணீரை
ஒரே மடக்கில் விழுங்கி
ஏப்பம் விட்டது குழாய்.
அப்படிப் பதினோரு முறை.
ஒருவருக்கும் தெரியாது.
அதிரசம் பதம் தப்பிவிட்டது என்று மட்டும்
மூன்று பேர் சொன்னார்கள்.
நடக்காத வெள்ளத்தை
யாரிடம் காட்டிப் பாராட்டு வாங்குவது?

எட்டரை மணிக்கு
பச்சையம்மா வந்தாள்,
தலை நிறைய எண்ணெய்,
முட்டிவரை சேறு.
"எங்க தெருவுல சாக்கட ஏறிக்கினு இருக்குக்கா.
பாத்ரூமெல்லாம் ஒரே நாத்தம்.
ஒரு பக்கெட்டு இங்கியே ஊத்திக்கட்டா?"

பன்னிரண்டாவது துண்டு
என்னிடம் இல்லை.
எண்ணும்போது அவளை எண்ணவில்லை.

"பரவால்லக்கா" என்று
முந்தானையால் தலையைத் துடைத்துக்கொள்ளப் போனாள்.
தடுத்து,
அலமாரியிலிருந்து என் துண்டை எடுத்தேன்.
புதிது.
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
அதைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து
கதவருகே நின்றேன்.
வலையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
வெளியே வந்தபோது
அவளே அதை வழித்து
சுத்தமாக வைத்திருந்தாள்.