உளி படாத கல்

பாசியைச் சுரண்டாதீர் என்று பலகை.
லோவெனா கைக்கண்ணாடியைச் சாய்த்து
கார்ன்வால் வெயிலைக் கல்லின்மேல் பக்கவாட்டில் விடுகிறாள்.
எழுத்துகளில் நிழல் ஊறுகிறது:
ஜாகோ ட்ரெவாஸ்கிஸ். வெள்ளீயச் சுரங்கத்தில்
தண்ணீர் புகுந்த அன்று, வயது இருபத்தாறு.
‘இவன் மனைவி டாம்சினும்’.
அதற்குக் கீழே ஒன்றரை அடி
வெறும் கல்.

டாம்சின் பதிவேட்டில் அகப்பட்டாள்.
பதினோரு மாதத்தில் மறுமணம்,
பாஸ்கோ என்ற கழுதைக்காரனோடு.
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி,
மை கொஞ்சம் இழுபட்டு.

அந்தப் பெருக்கலில் வந்தவள் லோவெனா.
அன்று தண்ணீர் வேறு பக்கம் திரும்பியிருந்தால்
கண்ணாடி பிடிக்க இங்கே ஆளில்லை.

குறிப்பேட்டில் ஜாகோவையும் எழுதிக்கொள்கிறாள்.
‘உறவுமுறை’ என்ற கட்டத்தில்
பேனா நிற்கிறது.
பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம்.