அடி

காலை ஆறு மணிக்கு வாடை எழவில்லை என்றால்
மணிமுத்தாறு அணைக்குள் ஐந்து கோடு போடலாம்.
எழுந்துவிட்டால் மூன்று.
தை பிறந்ததிலிருந்து மூன்றுதான்.

கோடு என்பது படகு போகும் வழி.
இக்கரையிலிருந்து அக்கரை,
ஐம்பது மீட்டர் தள்ளி மறுபடி இக்கரை.
"சால் தப்பாம உழுகிற மாதிரிதான்" என்றார்
படகோட்டி சொரிமுத்து.
"என்ன, வெதைக்கதுதான் இல்ல."

படகின் விலாவில் கட்டிய குழாயின் நுனியில்
சிரட்டை அளவில் ஒரு கருவி.
ஒலியைக் கீழே விடும்.
முட்டித் திரும்பிய நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டு
ஆழம் என்று சொல்லும்.
மீதிப் பாதி ஏறி வந்த கூலி.

ஒருநாள் இருபத்தெட்டு மீட்டரில் கிடந்த தரை
சட்டென்று இரண்டு மீட்டருக்கு எழுந்து வந்தது.
நான் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன்.
சொரிமுத்து திரையைப் பார்க்காமலே சொன்னார்:
"கெண்டக் கூட்டம் மேடம்."
நீக்கவா என்று கேட்டது கணினி.
நீக்கினேன்.
அறிக்கையில் மீனுக்குப் பத்தி கிடையாது.

அலுவலகப் பீரோவின் மேல்தட்டில்
தகரக் குழாய்க்குள் சுருண்டிருந்தது பழைய வரைபடம்.
துணியில் ஒட்டி, மையால் வரைந்தது,
அணை கட்டுமுன் இதே பள்ளத்தை
நடந்தே அளந்தவர்கள் போட்டது.
ஒற்றைப் புளி என்று எழுதி ஒரு புள்ளி.
வழுக்குப் பாறை என்று ஒரு சுழி.
நடுவில் இரட்டைக்கோடாய் ஆறு,
எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பி.

என் வரைபடத்திலும் ஆறு உண்டு.
பல வெளுப்புக் கண்ட வேட்டிக் கரையைப் போல
தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.
புளி இல்லை. பாறை பாதி.
இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதன் பெயர் வண்டல்.
அது எவ்வளவு என்பது ஒரே ஓர் எண்.
அந்த எண்ணை இங்கே எழுத
ஆவுடைத்தங்கம், உதவிப் பொறியாளர்,
எனக்கு அனுமதி இல்லை.

ஆனால் இதைச் சொல்லலாம்.
நாளிதழில் மூன்றாம் பக்கம், கட்டத்துக்குள்
மணிமுத்தாறு 104.60 அடி என்று போடுகிறார்களே,
அது பொய்யில்லை.
அடி அதே அடிதான்.
அடியில் இருக்கும் அடிதான் மேலே வந்துவிட்டது.

மாசிக் கடைசியில் கொக்கிரகுளத்தில் குறைதீர்க்கும் நாள்.
சுவரில் என் அணை வண்ணமாய் விழுந்தது.
ஆழம் நீலம், மேடு சிவப்பு.
முன்வரிசையில் ஒருவர் சிவப்பெல்லாம் தீயா என்றார்,
சிரிப்பு அடங்க நேரமானது.
பிறகு மைக்கை வாங்கியவர் தங்கப்பழம்,
நாலாம் ரீச், கடைமடைக்கும் கடைமடை.
வாழை வைத்துக் கருகக் கொடுத்தவர்.

"தொண்ணூறு அடி இருக்கு, தொறங்கன்னோம்.
எண்பது அடி இருக்கு, தொறங்கன்னோம்.
அடிய எண்ணி எண்ணிச் சண்ட போட்டோம் தாயி.
அந்த அடிக்குள்ள பாதி மண்ணுங்கியளே,
அப்பம் நாங்க எதுக்குச் சண்ட போட்டோம்?"

பாதி இல்லை, பாதிக்கு ரொம்பக் கீழே என்று
சொல்ல வாயெடுத்தேன்.
செயற்பொறியாளர் பேனாவால் மேசையைத் தட்டினார்.
தண்ணீர் திறப்புக்கு இனி இந்த வரைபடமே
அடிப்படை என்று மட்டும் படித்தேன்.

தங்கப்பழம் உட்காரவில்லை.
"சரி. தண்ணி ஒண்ணாம் ரீச்சுக்குப் போவட்டு.
அந்த மண்ணாவது எங்களுக்கு வருமா?"

யாரும் சிரிக்கவில்லை.
கேள்வி பதிவு செய்யப்பட்டது.

கூட்டம் கலைந்த பின் பிரதி ஒன்று கேட்டார்.
விதி இல்லை என்றேன்.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்,
சுவரில் அணை வெளிறிக்கொண்டிருந்தது.
செல்போனை இரண்டு கையாலும் பிடித்து
ஒரு படம் எடுத்து, என்னிடம் காட்டினார்.
மிக ஆழமான நீலத்தின்மேல், குறுக்காக,
டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது.
இன்னொன்று எடுங்கள் என்றேன்.
"இது போதும்" என்று
திசையன்விளை பஸ்ஸுக்கு நடந்தார்.