நனையாத சுறா

ராட்கா,
நாம் சந்தித்ததில்லை.
டோனகல் கரையில், படகுத்துறைக்கு மேலே
மூன்றாம் பாறை இடுக்கில் இருந்த
ஜியோகேச் டப்பா என்னுடையது.
'இருந்த' என்று எழுதுகிறேன், கவனி.

செவ்வாய் இரவுக் காற்று
துறையின் விளக்குக் கம்பத்தையே வளைத்துவிட்டது.
காலையில் மூடி மட்டும் கிடைத்தது,
பாசிக்குள், குப்புற.
டப்பாவுக்குள்தான் இருந்தது உன் சுறா.

மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவள்
அதன் பயணப் பதிவு முழுவதையும் படித்தேன்.
டிக்கெட் கூண்டில் கூட்டமில்லை.
படகே ஓடவில்லை.

யிஹ்லாவா பஸ் பணிமனையில் நீ,
பெட்ரோல் பங்கில் வாங்கிய சாம்பல் ரப்பர் சுறாவின்
வாலில் துளையிட்டு
எண் பொறித்த தகடு மாட்டியிருக்கிறாய்.
"கடலில்லாத நாட்டில் பிறந்தவன்.
தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்."
அவ்வளவுதான் உன் கட்டளை.

கூட்டிப்போயிருக்கிறார்கள்.
கெண்டைக் குளத்தில் வலை இழுக்கும் நவம்பர்.
ஹாலந்தில் ஒரு கால்வாய் மதகு: மரைகே என்பவள்
கதவு திறக்கும்வரை மடியில் வைத்திருந்தாளாம்.
பின்லாந்தில் யோர்மா,
பனிக்கட்டியில் துளையிட்டு உட்கார்ந்து
ஒரு மீனும் அகப்படாத நாளில்
துளையோரம் இதை நிறுத்திப் படமெடுத்திருக்கிறான்:
"இன்றைய வேட்டை."

பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை.
ஹங்கேரியில் திபோர் கையில் இருப்பதாக ஒரே வரி.
நீ இரண்டு முறை கேட்டிருக்கிறாய்,
இரண்டாம் முறை கொஞ்சம் சூடாக.
பிப்ரவரியில் பதில் வந்தது:
"மன்னிக்கவும். கார் அவளிடம் போய்விட்டது,
சுறா காரோடு போய்விட்டது.
நேற்றுதான் திருப்பிக் கொடுத்தாள்.
இங்கே பக்கத்தில் ஏரி, ஆறு எதுவும் இல்லை.
புது வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகுகிறது."
படத்தில் ஒரு வாளி. வாளி விளிம்பில் சுறா.
கீழே நீ எழுதியிருக்கிறாய்:
"வாளியும் கணக்கில் சேரும்."

அந்த வரியில் சற்று நேரம் நின்றேன்.

ஏனென்றால் திபோரை நான் பார்த்திருக்கிறேன்.
ஜூன் மாதம், தீவுக்குப் போகும் கடைசிப் படகு.
ஒருவழியா, இருவழியா என்று கேட்டேன்.
பின்னால் வரிசை நின்றது. யோசித்தான்.
இருவழி என்றான்.
அன்று மாலைதான் என் டப்பாவில் போட்டிருக்கிறான்:
"வந்து சேர்ந்தோம். இது நிஜக் கடல்."

ஒன்று தெரியுமா ராட்கா,
இத்தனை நீரோரத்திலும் அது நனைந்ததே இல்லை.
ஜிப் வைத்த பை, பைக்கு மேல் டப்பா,
டப்பா வாயில் ரப்பர் வளையம்.
டப்பா ஒளிப்பவர்களுக்கு வேலையே
தண்ணீரை உள்ளே விடாதிருப்பதுதான்.
ஈரம் பட்டால் கையெழுத்துத் தாள் கூழாகிவிடுமென்று
மாதம் ஒருமுறை துணியோடு போய்த் துடைத்தவள் நான்.
சுறாவையும் துடைத்தேன்.
சிரிக்காதே.

ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்கிறது கணக்கு.
நேர்கோட்டில் அளக்கிறார்கள்:
மலை, தேவாலயம், திபோரின் பழைய வீடு
எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு கோடு
என் பாறையில் வந்து முட்டி நிற்கிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
கடல் எடுத்துக்கொண்டதை
எந்தப் படியால் அளப்பது?

இறால் கூண்டு இறக்கும் ஃபெலிமிடம் சொல்லி வைத்தேன்.
"என்ன நிறம்?" என்றான்.
சாம்பல்.
அவன் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இன்றைக்கு எல்லாமே அந்த நிறம்தான்."

'காணவில்லை' என்று குறிக்கும் பொத்தான்
என் பக்கத்திலும் இருக்கிறது, உன் பக்கத்திலும் இருக்கிறது.
நான் அழுத்தவில்லை.

புது டப்பா வாங்கிவிட்டேன்.
ரப்பர் வளையம் இன்னும் மாட்டவில்லை.

ப்ரோனா