ஏழாவது சுவிட்ச்

ஜெலுத்தோங்கில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
இரவுக்குள் மூன்றாம் தடவை
‘டக்’கென்று வீடு இருண்டது.
எதிர்வீட்டு ஆ லெங்குக்கு விளக்கெரிகிறது;
ஆகவே பழுது நம்முடையதுதான்.

நாற்காலியில் ஏறி, கைப்பேசியை வாயில் கவ்வி
எல்லாவற்றையும் கீழே தள்ளினேன்.
தாய்ச் சுவிட்சை ஏற்றினேன். நின்றது.
ஒன்று, ஃபிரிட்ஜ். நின்றது.
உள்ளே அரைக் கிலோ கெம்போங் மீன்.
இரண்டு, சுடுநீர்ப் பெட்டி.
அதைத்தான் சந்தேகப்பட்டேன்,
பாவம், யோக்கியமாக இருந்தது.
மூன்று நான்கு ஐந்து ஆறு
ஏழில் டக்.

ஏழுக்கு நேரே திலகன்
பென்சிலில் எழுதியிருக்கிறான்: ‘வாசல்’.
அப்போதே கோணல் எழுத்து.

இந்தப் பெட்டிக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று:
போன மின்சாரம் அத்தனையும்
திரும்பி வர வேண்டும்.
துளி குறைந்தாலும் வெட்டிவிடும்.
எனக்கு அந்தக் கண்டிப்பு இருந்ததில்லை.
பதினொரு வருஷம்
குறையக் குறைய எரிந்தேன்.

மெயினை அணைத்துவிட்டு
ஜப்பான் சிலிப்பரோடு வாசலுக்குப் போய்
அழைப்புமணிப் பொத்தானைக் கழற்றினேன்.
உள்ளே மழைத் தண்ணீர்,
பச்சை பூத்த செம்பு,
முட்டைகளோடு ஓர் எறும்புக் குடும்பம்.
யாரும் அழுத்தாத இடத்தில்
அவை நிம்மதியாக இருந்திருக்கின்றன.
கம்பிகளைப் பிரித்து, முனைகளைத் துடைத்து,
தனித்தனியே டேப் சுற்றினேன்.

ஏழு நின்றது.
ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு
மறுபடி முனகத் தொடங்கியது.

காலையில் வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.
கூப்பிடலாம்,
அப்படியொன்றும் அவசரமில்லை.
வருகிறவர்கள் தட்டட்டும்.