கேள்விக்குறியோடு ஒரு வரி

மூன்று வரி அச்சிட்டது.
நான்காவதில் நின்றுவிட்டது.

டர்பன் துறைமுகம், இரவு இரண்டே முக்கால்.
பன்னிரண்டாம் கிரேன்
ஒரு பெட்டியைத் தூக்கியபடி உறைந்திருக்கிறது.
தொங்கும் சுமையை விட்டு ஓட்டுநர் இறங்கக் கூடாது, விதி.
உச்சிக் கூண்டிலிருந்து டுமிசானி
வாக்கிடாக்கியில் கேட்கிறார்:
சிஸி, ஒன்றுக்குப் போக வேண்டும். இன்னும் எவ்வளவு நேரம்?

கெர்னல் சாகும்போது
தன்னை அழைத்தது யாரென்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும்.
அந்த யாரை அழைத்தது யார்,
அதற்கும் முன்னால் யார்,
படிப்படியாய் முதல் வாசல் வரைக்கும்.
நடுவில் ஒரே ஒரு சுட்டி சிதைந்திருந்தது.
படியிறங்கும் நிரல்
கைப்பிடியை விட்டுவிட்டு
மரியாதையாக வாயை மூடிக்கொண்டது.

அதை எழுதியவருக்குப் பொய் சொல்லப் பயம்.
எனக்கும்தான்.
ஆனால் நாற்பது மீட்டர் உயரத்தில் ஒருவர்
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுக்கின் மிச்சத்தை அப்படியே நகலெடுத்தேன்.
பதினோரு வரியில் ஒரு முரட்டு நிரல்:
எட்டெட்டு பைட்டாகப் பார்.
நம் ஆட்கள் குடியிருக்கும் தெருவின் எண்ணா?
ஆமென்றால் அச்சிடு,
முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டு.

? கடிகாரத் துடிப்பு
? வலைப்பொட்டலம் பிரித்தல்
? காற்றுமானி வாசிப்பு
? கடிகாரம், மறுபடியும்

எடுக்காத இலைகள் கிடக்கும் பந்தி இது.
கைகழுவிப் போய்விட்டவன் இலை எது,
பாதிச் சோற்றில் விக்கிச் செத்தவன் இலை எது,
பருக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

டுமிசானியிடம் கேட்டேன்,
நிற்பதற்கு முன் என்ன பார்த்தீர்கள்?
காற்று முள் குதித்தது சிஸி, இரண்டு தடவை.
வெளியே ஒரு பிளாஸ்டிக் பைகூட அசையவில்லை.

காற்றுமானியின் கம்பியைப் பிடுங்கச் சொன்னேன்.
மறுபடி ஏற்றினேன்.
பெட்டி இறங்கியது.
அவரும் இறங்கினார், அதைவிட வேகமாக.

காலையில் மேலாளர் லெரூ:
அறிக்கை நன்று, மூட்லி.
அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் எடுத்துவிடு,
வாடிக்கையாளர் பயந்துவிடுவார்.

என் அட்டையிலும் மூட்லி என்றுதான் இருக்கிறது.
முதலியோ, வேறெதுவோ,
கப்பலில் பேரேடு எழுதியவன் காதில் விழுந்தது அவ்வளவு.
அவனும் ஒரு குறி போட்டிருக்கலாம்.
போடவில்லை, ஆகவே நாங்கள் மூட்லிகள்.

நான் எடுக்கவில்லை.

இன்று மாலை பன்னிரண்டாம் கிரேன் ஓடுகிறது.
காற்றுமானிக்குப் புதுக் கம்பி.
பழைய கம்பிதான் காரணமா என்று
டுமிசானி செய்தி அனுப்பியிருக்கிறார்.
பதில் தட்டினேன்:

? ஆம்