பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

மூன்று குளிர்காலமாக நிற்கிறேன்,
முழங்கால் சற்றே மடங்க,
இல்லாத பந்தொன்றை அணைத்த கைகளோடு.
ஷென்யாங்கில் விடியுமுன்
மூக்குமயிரில் பனி பூக்கும் நேரம்.

சீகோங் டேப்பில் ஒரு பெண்குரல் சொல்லும்:
உச்சந்தலையில் நூல் கட்டி
யாரோ உன்னை மேலே தூக்குவதாக நினை.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
நூல் என்றால் எனக்கு எட்டு இழை எஃகுக் கயிறு,
அதன் தேய்மானம், கிரீஸ்,
கடைசியாகச் சோதித்த தேதி.

வந்ததற்குக் காரணம் ஞானமில்லை.
காதுக்குள் ஒரு மோட்டார்
அணைக்க முடியாமல் ஓடுகிறது.
பழகிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்,
அடுத்த சீட்டைக் கூப்பிட்டபடி.

பாப்லர் மரங்களுக்குக் கீழே பதினோரு பேர் நாங்கள்.
கொழுக்கட்டைக் கடை மியாவ் லானுக்குப்
புருவ நடுவில் நிலா எழுந்ததாம்.
மூடிய ஆலையின் கடைசல்காரர் டூ ஹெங்குக்கு
முதுகுத்தண்டில் வெந்நீர் ஏறியதாம்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நாபிக்குக் கீழே, மூன்று விரல் தள்ளி,
ஒரு கதகதப்பு என்றேன்.
அது வரும் வழியில் குடித்த சோயாப்பால்.

புத்தாண்டுக்கு முந்தைய மாலை.
கோளாறைச் சரிசெய்து, சோதனை ஓட்டத்தில் நான்.
ஆறாம் மாடியில் ஏறினாள்
பத்தொன்பதாம் மாடிக்காரி ஹௌ பெய்யுன்,
கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை,
அதற்குள் உயிரோடு ஒரு கெண்டை.
பதினேழு தாண்டியதும் மின்சாரம் போயிற்று.

அவசர விளக்கு எரியவில்லை.
பேட்டரியை மாற்றச் சொல்லி
இரண்டுமுறை எழுதிக் கொடுத்தவன் நானேதான்.
அவள் துழாவித் துழாவி அபாய மணியை அழுத்தினாள்.
மணி என் சட்டைப்பையில் அடித்தது.
இரண்டு தரம் அடித்து,
குளிரில் சார்ஜ் செத்து அணைந்தது கைபேசி.

கயிறு அறாது, பிரேக் கவ்வியிருக்கிறது,
கதவிடுக்கில் காற்று வருகிறது என்றேன்.
தெரிந்ததெல்லாம் சொன்னேன்.
அவள் மூச்சு என் சொற்களை மிதித்துக்கொண்டு ஓடியது.
பையில் தண்ணீர் தளும்பும் சத்தம்.
இதைப் பிடியுங்கள், கை நடுங்குகிறது என்று
இருட்டில் என் மேல் திணித்தாள்.

கைகள் தாமே வட்டமாயின.
முழங்கால் தானே மடங்கியது.
மூன்று வருடம் காற்றை வைத்திருந்த இடத்தில்
இப்போது ஒரு மீன்.

கனம்.
ஜில்லென்று ஜாக்கெட்டில் இறங்கும் ஈரம்.
மணிக்கட்டில், பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம்,
செவுள் திறப்பதும் மூடுவதும்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும்
சுவருக்குப் பின்னால் ஓர் எதிர் எடை உண்டு.
ஏறிப்போகும் யாரும் அதைப் பார்த்ததில்லை.
மூச்சு ஏறும்போதெல்லாம்
எங்கோ அது இறங்கியது.
அவளுடையதும் மெல்ல மெல்ல
செவுளின் கணக்குக்கு வந்து சேர்ந்தது.
யார் யாரைப் பின்பற்றினோம், தெரியாது.
பிடித்திருப்பவன் எங்கே என்று
கொஞ்ச நேரம்
யாரும் தேடவில்லை.

காதில் மோட்டார் நின்றதா?
இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது,
யாருடைய கட்டடத்திலோ.

நாற்பது நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.
வெளிச்சம் வந்தபோது
ஹௌ பெய்யுனின் முகத்தில் மை கரைந்திருந்தது.
மீன் என்னைப் பார்த்தது,
அல்லது அதன் கண் என் பக்கம் இருந்தது.
அவள் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.
இஞ்சி, வெங்காயத்தாள், ஆவி:
அதன் இரவு எனக்குத் தெரியும்.
கை மட்டும் வட்டமாகவே இருந்தது,
கீழ்த்தளம் வரும்வரை.

மறுநாள் பூங்காவில் பட்டாசுக் காகிதம் சிவப்பாய்.
இன்றைக்காவது ஏதாவது உண்டா என்றாள் மியாவ் லான்.
ஒன்றுமில்லை என்றேன்.
மீன்வாடை அடிக்கிறதே என்று
ஓரடி தள்ளி நின்றாள்.