நாற்பத்தொன்றாம் கொக்கி

மேலங்கி அறையில் எனக்கு வேலை.
இருபத்திரண்டு வருடமாகப் பிரபுக்களின் கோட்டுகளை
வாங்கி மாட்டுகிறேன், எடுத்துக் கொடுக்கிறேன்.
கொக்கிக்குக் கொக்கி ஒரு பெயர்ச்சீட்டு.
எல்லாக் கோட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வாசனை:
அந்துருண்டை, நனைந்த நாய், மதியத்து ஒயின்.

என்னையும் எவரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை.
ஆனால் எனக்கு நேர்காணல் நடந்தது.
முந்தைய முதலாளிகள் இரண்டு பேரிடம்
டோர்கஸ் டர்னர் எப்படிப்பட்டவள் என்று விசாரித்தார்கள்.
ஆறு மாதம் தகுதிகாண் பருவம்.

நாற்பத்தொன்று ஹேவர்ஸ்டன் பிரபுவுடையது.
முன்பு அவர் அப்பாவுடையது,
அதற்கும் முன்பு, பிள்ளையில்லாத பெரியப்பாவுடையது.
முதலாமவர் யாரோ ஒரு ராஜாவுக்கு
நல்ல சமயத்தில் ஒரு குதிரை கொடுத்தாராம்.
(குதிரையில்லை, தங்கை என்பார் சமையற்கட்டு பெர்னார்ட்.)
அந்தக் குதிரை
முன்னூறு வருடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது,
புல் மட்டும் எங்கள் வரியில்.

ஒரு முறை இடமொன்று காலியாயிற்று.
தேர்தலும் வைத்தார்கள்.
நின்றவர்கள் ஆறு பேர்,
வாக்காளர்கள் நாலு பேர்.
நான் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்கும் இடம்.
பேருந்து ஏறியபின் சிரித்தேன்,
பெக்கம் வரும்வரை,
பக்கத்து இருக்கைப் பையன் இறங்கி வேறு இடம் பார்க்கும்வரை.

இங்கே ஆம், இல்லை என்று சொல்லும் வழக்கமில்லை.
திருப்தி என்பார்கள். திருப்தியில்லை என்பார்கள்.
மணி அடித்ததும் எட்டு நிமிடத்துக்குள்
சிவப்புக் கம்பளத்தில் கைத்தடிகள் இரண்டாகப் பிரியும்:
திருப்தியடைந்தவர்கள் ஒரு வாசல்,
அடையாதவர்கள் மறு வாசல்.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
முதியோர் இல்லங்களுக்கு ஒரு மசோதா வந்தது.
கீழவை அதை ஒரு பிற்பகலில் முடித்து அனுப்பியிருந்தது.
அறுபதாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு:
இரவில் ஒரு தளத்துக்கு ஒரு பணியாளர் போதும்.
அதைப் படித்தவர் ஹேவர்ஸ்டன் ஒருவர்தான்.
இரவு பதினொன்றே காலுக்கு எழுந்து நின்று
'ஒருவர் கழிவறைக்குப் போனால்?' என்று கேட்டார்.
அவ்வளவுதான் அவர் பேச்சு.
உட்பிரிவு போயிற்று.
என் அம்மா அப்போது லூயிஷமில்
அப்படியொரு இரண்டாம் தளத்தில் இருந்தாள்.
குதிரையைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்,
வாபஸ் இல்லை.
இதுவும் வாபஸ் இல்லை.

பரம்பரைப் பிரபுக்களை நீக்கும் மசோதா
வாக்குக்கு வந்த நாள் மழை.
மணி அடித்தது. அவர் அசையவில்லை.
கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
'நீயாக இருந்தால் எந்த வாசல், டோர்கஸ்?' என்றார்.
'முதலில் எனக்கொரு வாக்குச்சீட்டு கொடுங்கள்,
அப்புறம் கேளுங்கள்' என்றேன்.
சிரித்தார் என்று நினைக்கிறேன்.
ஏழாவது நிமிடத்தில் உள்ளே போனார்.
எந்த வாசல் என்று நான் பார்க்கவில்லை.
பார்க்கக் கூடாதென்று
பெயர்ச்சீட்டுகளை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கோடை முடிந்ததும் நாற்பத்தொன்றில் வேறு பெயர்:
ஹாலம் பிரபு, மெத்தைக் கடைகள், வடக்கில் முப்பது கிளை.
கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பேப்பரில் இருந்தது.
கெட்டவர் இல்லை. குட் மார்னிங் சொல்வார்.
ரத்தத்தில் வந்தவர் போய்
ரசீதில் வந்தவர் வந்திருக்கிறார்,
கோட்டு மட்டும் புதிது, விலைச்சீட்டு நூல்கூட
காலருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.
நான்தான் கத்தரித்தேன்.

மீதிச் சீர்திருத்தத்துக்கு ஒரு குழு போட்டார்கள்.
பதினான்கு மாதம், இருநூறு பக்கம்.
தேர்தல் வேண்டுமா, வயது வரம்பு வேண்டுமா,
எல்லாம் 'மேலும் ஆராயத்தக்கது'.
உடனே நிறைவேற்ற ஒன்று இருந்தது,
நூற்று எண்பதாம் பக்கத்தில்:
மேலங்கி அறைக்குப் பதிலாக
எண் பூட்டுப் பெட்டகங்கள்.

திங்கட்கிழமை தச்சர் வந்தார்.
கொக்கிகளைக் கழற்றினார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகு.
நாற்பத்தொன்று வர மறுத்தது.
எண்ணெய் விட்டார், தட்டினார், கெட்ட வார்த்தை சொன்னார்,
கடைசியில்
'சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்' என்று போனார்.

என் கோட்டு நாற்காலியில் கிடந்தது.
எடுத்துப் போட்டுக்கொண்டு
பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.
சில்லறை வாங்குவதை அவர்கள் நிறுத்திப்
பல வருடமாகிறது. கை இன்னும் தேடுகிறது.